அல்சூரிலிருந்து இலங்கைக்கு: தேதி முதலில், டிக்கெட் அப்புறம்

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேர் விமானமே இருக்கிறது என்று எங்கள் அல்சூர்க்காரர்கள் உடனே டிக்கெட் தேடுவார்கள். பொறுங்கள். முதலில் யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத் தேதியைப் பாருங்கள். 25 நாள் திருவிழா. தேர் 24ஆம் நாள். கண்டியின் புத்தர் பல் கோயில் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெரா பௌர்ணமியை ஒட்டி முடியும்போது, நல்லூரில் பெரும்பாலும் பத்தாம் திருவிழா நடந்துகொண்டிருக்கும். ஆக, கண்டியில் கடைசி இரவுகளில் நடக்கும் ரந்தோலி என்ற பெரிய ஊர்வலம் பார்த்துவிட்டு வடக்கே ஏறினால் ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கும். அந்த நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதை முதலில் பிடியுங்கள்.

வழியில் பழைய தலைநகரான பொலன்னறுவையை விடாதீர்கள். எல்லாரும் கல் விகாரை புத்தரோடு திரும்பிவிடுகிறார்கள். சோழர் கட்டிய சிவன் கோயிலான வானவன்மாதேவி ஈஸ்வரம் அங்கேதான் இருக்கிறது. சின்னக் கல் கோயில், தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும். புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி மட்டும் வேண்டாம், அங்கே அது பெரிய அவமரியாதை.

இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் ஈடிஏ (ETA) அனுமதியை இலங்கை அரசுத் தளத்திலேயே எடுங்கள். பௌர்ணமி நாள் அங்கே ‘போயா’ என்ற பொது விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது. நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், பையில் ஒரு வேட்டி இருக்கட்டும்.