கத்தரிப்பூ நிறக் கவசம்: லினக்ஸில் மோட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்திலிருந்து சித்தி மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். லினக்ஸ் கணினியில் ஓடும் ஸ்கைரிம் விளையாட்டில், மோட் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் கோப்புகள்) போட்ட பிறகு அவனுடைய வீரன் தலை முதல் கால் வரை கத்தரிப்பூ நிறத்தில் நின்றான். “கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா அண்ணா?” என்று கேட்டிருந்தான். நாகர்கோவிலில் ஒரு கடையில் கார்டை மாற்றவே சொல்லிவிட்டார்களாம். கார்டுக்கு ஒன்றும் இல்லை. ஸ்கைரிமில் அந்த நிறம் வந்தால், பொருளின் மேல் போர்த்த வேண்டிய படக்கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

அவனுடைய டேட்டா கோப்புறையைத் திறந்தால் உள்ளே ‘டெக்ஸ்சர்ஸ்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றுக்கு முதல் ஆங்கில எழுத்து பெரியது, மற்றதற்குச் சிறியது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கு வேறு வேறு. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டித்தர இடையில் நிற்கும் மென்பொருளான புரோட்டான், விளையாட்டு கேட்கும் பெயர் அப்படியே கிடைத்தால் அதோடு தேடலை முடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால்தான் எழுத்து வேறுபாட்டைப் பாராமல் தேடும். ஒரே கோப்புறை இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். வேறு மாதிரி எழுதிய இரண்டாவது மோட் வந்ததும் ஒன்று காணாமல் போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியில் படித்தவர்கள் நாம். கண் இதைத் தாண்டிப் போவதில் வியப்பில்லை.

சுருக்கிய கோப்பாக வரும் மோடை நேராக விளையாட்டின் கோப்புறைக்குள் பிரிக்காதீர்கள். தனி இடத்தில் பிரித்து, பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றி, பிறகு நகர்த்துங்கள். உட்கோப்புறைகளையும் பாருங்கள், கோளாறு அங்கேயும் ஒளிந்திருக்கும்.

அடுத்தது, ‘மை டாக்குமெண்ட்ஸில் இந்தக் கோப்பைத் திருத்துங்கள்’ என்ற விண்டோஸ் குறிப்பை நம்பி நம் ஹோம் கோப்புறையில் தேடுவது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி சி டிரைவைக் கட்டித் தருகிறது. அது, விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் செயலியான ஸ்டீமின் ‘காம்பேட்டேட்டா’ கோப்புறையில், விளையாட்டின் எண்ணில் இருக்கும். ஸ்கைரிம் சிறப்புப் பதிப்புக்கு 489830. அதற்குள் ‘ஸ்டீம்யூசர்’ என்பவரின் டாக்குமெண்ட்ஸ்தான் நீங்கள் தேடுவது. எரிச்சலில் அந்த எண் கோப்புறையையே அழிப்பவர்கள் உண்டு. சேமித்த ஆட்டமும் அங்கேதான் குடியிருக்கிறது என்பது அழித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

டிஎல்எல் கோப்பாக (விண்டோஸ் நிரல்கள் துணைக்கு அழைக்கும் கோப்பு) வரும் மோடுகளை விளையாட்டின் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது. ‘டிஇன்புட்8’ போன்ற பெயர்களுக்கு புரோட்டானுக்கு அடிப்படையான வைன் தன் சொந்தக் கோப்பையே எடுக்கும். மோடின் கோப்பை முதலில் எடுக்கும்படி ஸ்டீமின் தொடக்க விருப்பங்களில் எழுத வேண்டும். மோட் வேலை செய்யவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அனுமதி இல்லை என்று திரை சொன்னதும் கட்டளையை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் ‘சூடோ’ போடுவது கெட்ட பழக்கம். கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் சொத்தாகிவிடும். பிறகு ஸ்டீமாலும் தொட முடியாது.

ஸ்கைரிமின் பல மோடுகள் நம்பியிருக்கும் எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரல், விளையாட்டின் பதிப்போடு பிணைந்தது. விளையாட்டைத் தானாகப் புதுப்பிக்க விட்டால், ஒரு நாள் காலையில் அதை நம்பிய மோடுகள் எல்லாம் மௌனமாகிவிடும்.

ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டிலும் மின்சாரம் போகிற மாவட்டம் நம்முடையது. யுபிஎஸ் இல்லாமல் பெரிய மோடைப் பிரிக்க உட்காராதீர்கள். எனக்கு ஒருமுறை பாதியில் நின்றது. கோப்பின் பெயர் முழுதாக இருந்தது, உள்ளே பாதிதான். விளையாட்டு திறந்தது, நடந்தது. ஒரு மலைப்பாதைக்குப் போனால் மட்டும் மூடிக்கொண்டது. அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.