மணி ஆறரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறதா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே கடிகாரம்

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை இது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், பர்மாவின் யாங்கோனில் காலை 10 மணியாக இருக்கையில் திரை 3:30 என்கிறது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தால் மாலை 4:30.

முதலில் பிசகு எவ்வளவு என்று பாருங்கள். சரியாக ஆறரை மணி நேரம் என்றால் தொடர்ந்து படியுங்கள். ஒரு மணி நேரம் பின்தங்கினால், நிறுவும்போது கொல்கத்தாவைத் தேர்ந்திருப்பீர்கள். யுடிசியை (உலகப் பொது நேரம்) விட அங்கே 5:30 மணி நேரம் முன்னால், பர்மாவில் 6:30. தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போன நேரமெல்லாம் கடிகாரச் சில்லை ஓட்டுவது அதுதான். மாற்றிவிட்டு வாருங்கள்.

அந்தச் சில்லில் தேதியும் மணியும் மட்டுமே இருக்கும். எந்த ஊர் மணி என்ற குறிப்பு கிடையாது. கணினி எழும்போது விண்டோஸ் அதை உள்ளூர் மணியாகப் படிக்கிறது. லினக்ஸ் அதையே யுடிசி என்று கொண்டு, மேலே ஆறரையைக் கூட்டுகிறது. இணையம் கிடைத்ததும் இரண்டும் தத்தம் வழக்கப்படி சில்லில் திருத்தி எழுதும். எனவே இணையம் வந்தால் சரியாகிவிடும் என்று விட்டால், அடுத்த முறை மாறும்போது மறுபடி பிசகும்.

இரண்டையும் யுடிசிக்குக் கொண்டுவருவதே நல்லது. லினக்ஸை உள்ளூர் மணிக்கு மாற்றவும் ஒற்றை வரிக் கட்டளை உண்டு. ஆனால் அதைச் செய்தால் லினக்ஸே எச்சரிக்கும்.

விண்டோஸில் தொடங்குங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ரெஜெடிட் (regedit) என்று தட்டுங்கள்; விண்டோஸின் அமைப்புப் பதிவேடு திறக்கும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்சோன்இன்ஃபர்மேஷன் என்று இறங்குங்கள். அங்கே ரியல்டைம்இஸ்யுனிவர்சல் (RealTimeIsUniversal) என்ற பெயரில், இடைவெளியில்லாமல், புதிய டிவேர்ட் (எண் மதிப்பு வைக்கும் பதிவு) உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள். எழுத்து பிசகினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, வேலையும் நடக்காது. பிறகு ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைக்காது.

அப்படியே லினக்ஸுக்குள் வந்து, டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0

சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/யாங்கோன்

சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

2016-க்கு முந்தைய பதிப்பு என்றால் யாங்கோன் என்ற பெயரை ஏற்காது. ஏசியா/ரங்கூன் என்று கொடுங்கள். இணையம் இல்லாவிட்டால் இணையத்திலிருந்து மணியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டு, மணியைக் கையால் சரிசெய்து, சுடோ ஹெச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஹெச்சி (sudo hwclock --systohc) கொடுத்துச் சில்லில் எழுதுங்கள்.

இப்போது வெறும் டைம்டேட்சிடிஎல் கொடுத்தால் யுனிவர்சல் டைமும் ஆர்டிசி டைமும் (சில்லிலுள்ள மணி) ஒன்றாக இருக்க வேண்டும்; லோக்கல் டைம் ஆறரை மணி முன்னால் இருக்க வேண்டும். இணையக் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒருமுறை மாறிப் பாருங்கள். இணையம் இருந்தால் பிசகு தெரியாமல் மறைந்துவிடும்.