வேட்பாளர் மேல் வழக்கு இருக்கிறதா? செய்தியை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே பார்ப்பது எப்படி

தேர்தல் வந்துவிட்டால் ஒரே ஆள் ஒரு சேனலில் குற்றவாளி, அடுத்த சேனலில் பழிவாங்கப்பட்டவர். எந்தச் சேனலை நம்புவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தரப்பும் மாற்ற முடியாத ஒன்று இருக்கிறது: காவல் நிலையம் போட்ட குற்ற எண். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அரை மணி நேர வேலைதான்.

படி 1: பிரமாணப் பத்திரத்தை இறக்குங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் அது கிடைக்கும். தளத்திலிருந்தே இறக்குங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களைச் செல்போனில் பெரிதாக்கிப் படிப்பதற்குள் கண் போய்விடும்.

ஒருவர் நான்கு வேட்புமனு வரை போடலாம் என்பதால் ஒரே பெயரில் இரண்டு மூன்று பத்திரங்கள் இருப்பது சகஜம். திருத்திக் கொடுத்ததும் அதே வரிசையில் கிடக்கும். எல்லாவற்றையும் திறந்து தேதி பாருங்கள். கடைசியாகக் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேட்பாளர்களின் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா தளம் சுருக்கம் பார்க்க நல்லது. முந்தைய தேர்தல்களில் அதே ஆள் என்ன சொன்னார் என்று ஒப்பிட அதைவிட வசதியானது இல்லை. ஆனால் குற்ற எண்ணை அங்கிருந்து எடுக்காமல் மூலப் பத்திரத்திலிருந்தே எடுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் படி 4-இல் தேடும்போது வெறும் பக்கம்தான் வரும்.

படி 2: ஐந்தாவது, ஆறாவது பத்திகள்

சொத்துக் கணக்கையெல்லாம் தாண்டிவிடுங்கள். ஐந்தாவது பத்தி நிலுவையில் உள்ள வழக்குகள், ஆறாவது பத்தி தண்டனை பெற்ற வழக்குகள். ஐந்தாவதில் உள்ள அட்டவணையிலிருந்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: குற்ற எண், காவல் நிலையம், வழக்கு எண், நீதிமன்றம், சட்டப் பிரிவுகள், குற்றச்சாட்டுப் பதிவு ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் தேதி.

கட்டத்தை வெறுமனே விடக் கூடாது. 'இல்லை', 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவையே தள்ளுபடி செய்யலாம்.

படி 3: வழக்கு எந்தப் படிக்கட்டில் நிற்கிறது?

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான். 'வழக்குப் பதிவு', 'குற்றப்பத்திரிகை தாக்கல்', 'குற்றச்சாட்டுப் பதிவு' மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். மூன்றும் வேறு வேறு.

'போலீசில் புகார்' என்று தலைப்பு வந்தால், பல சமயம் கையில் இருப்பது சிஎஸ்ஆர் எனும் மனு ரசீது மட்டும்தான். அது வழக்கு இல்லை, பிரமாணப் பத்திரத்திலும் வராது. எப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்குப் பதிவு. போலீஸ் விசாரித்து முடித்து நீதிமன்றத்தில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, இந்தப் பிரிவுகளில் விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி முடிவெடுப்பது குற்றச்சாட்டுப் பதிவு. முதல் இரண்டும் போலீஸ் செய்வது. மூன்றாவதில்தான் நீதிமன்றம் தன் மனதைச் செலுத்தியிருக்கிறது. அதனால்தான் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம்.

செய்தியில் ஒரு சொல், பத்திரத்தில் வேறு சொல் இருந்தால் உடனே 'பத்திரிகை பொய்' என்றோ 'வேட்பாளர் மறைத்துவிட்டார்' என்றோ பாயாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். மனுத் தாக்கலுக்குப் பிறகு வந்த எப்.ஐ.ஆர். பத்திரத்தில் எப்படி இருக்கும்?

படி 4: ஈகோர்ட்ஸ் தளம்

நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் அரசுத் தளம் இது. வழக்கு நிலை பகுதியில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலும் வழக்குக்கு வழக்கு மாறும். எப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடுங்கள்; நீங்கள் குறித்து வைத்த குற்ற எண்தான் அது. நிலுவை, முடிந்தவை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆண்டில் கவனம். கு.எண் 112/2021 என்பது எப்.ஐ.ஆர். போட்ட ஆண்டு. அதே வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சி.சி. 45/2023 என்ற வழக்கு எண்ணில் இருக்கலாம், ஏனென்றால் கோப்பில் எடுத்தது 2023. வழக்கு எண்ணோடு 2021-ஐப் போட்டுவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

கிடைத்ததும், அந்த வழக்குக்கே உரிய தனி எண்ணான சிஎன்ஆர் எண்ணை (எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள்) எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு ஈகோர்ட்ஸின் செல்போன் செயலியே போதும்.

எப்.ஐ.ஆர். நிலையிலேயே நிற்கும் வழக்கு பெரும்பாலும் இங்கே தெரியாது. அதற்குத் தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் எப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றின் எப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற்றப்படாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கு அது. ஆகவே அந்த வகைப் புகாரில் 'தேடினேன், இல்லை' என்பதற்கு அர்த்தமே கிடையாது. எங்கிருந்தாவது நகல் கையில் வந்தாலும் பகிராதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

படி 5: பிரிவு எண்ணைப் படிப்பது

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், பிறகு நடந்தது என்றால் நியாய சன்ஹிதா. எண்ணை மட்டும் வைத்து மீம் போடுகிறவர்கள் இதில் மானம் கெடுகிறார்கள். பழைய சட்டத்தில் 354 என்றால் பெண்ணின் மானத்துக்குக் களங்கம் விளைவித்தல். புதிய சட்டத்தில் 354 என்றால் தெய்வ குற்றம் ஆகிவிடும் என்று பயமுறுத்திக் காரியம் சாதிப்பது! பழைய 354 இப்போது 74. பழைய 420 இப்போது 318(4).

பழைய 143, 188 மட்டுமே வரிசையாக இருந்தால் அநேகமாக ஆர்ப்பாட்டம், மறியல் வழக்குகள். 'பதினெட்டு கிரிமினல் வழக்குகள்' என்ற தலைப்பின் பின்னால் இவை பதினாறு இருக்கலாம். மீதி இரண்டு என்னவென்று பாருங்கள்.

படி 6: விளம்பரப் பக்கம்

வழக்கு உள்ள வேட்பாளர் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்பது 2018-இல் வந்த தீர்ப்பு. மனு வாபஸ் பெறும் கடைசி நாளிலிருந்து முதல் நான்கு நாளில் ஒன்று, ஐந்திலிருந்து எட்டாம் நாளுக்குள் ஒன்று, ஒன்பதாம் நாள் முதல் பிரசாரம் முடிவதற்குள் ஒன்று. செய்தி எழுதாத பத்திரிகையிலும் இந்த விளம்பரம் கிடைக்கலாம். கட்சியும் தன் தளத்தில், வழக்குள்ள இவரை ஏன் நிறுத்தினோம் என்று படிவம் சி7-இல் காரணம் சொல்ல வேண்டும். 'வெற்றி வாய்ப்பு' மட்டும் காரணம் ஆகாது.

பின்சேர்க்கை: 'ஈகோர்ட்ஸ் தளத்தில் முடிவுற்றது என்று காட்டுகிறது, விடுதலையா?' என்று பலர் கேட்டுவிட்டார்கள். அவசரப்படாதீர்கள். கீழே முடிவின் தன்மை என்ற வரியைப் பாருங்கள். மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. (பூர்வாங்கப் பதிவேடு) எண்ணில் இருந்த வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டாலும் மாஜிஸ்திரேட் கணக்கில் முடிவுற்றதுதான். செஷன்ஸ் நீதிமன்றத்தில் எஸ்.சி. (செஷன்ஸ் வழக்கு) என்று புது எண்ணில் அது ஓடிக்கொண்டிருக்கும். எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறினாலும் இதே கதைதான். பழைய குற்ற எண்ணை வைத்து அந்த நீதிமன்ற வளாகத்தில் மறுபடி தேடுங்கள்.

இன்னொன்று: பத்திரிகைதான் தவறு என்று எண்களோடு தெரிந்துவிட்டால், முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். கவுன்சில் கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி சேனல் அதன் வரம்பில் வராது.