தூக்க மாத்திரையில் நாம் செய்யும் தவறுகள்

மனநல மருத்துவர் எதை எழுதிக்கொடுத்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் ‘தூக்க மாத்திரை’தான். முதல் தவறு அதுவே. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்றவை பதற்றத்தைச் சட்டென்று தணிப்பவை. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டும் தரப்படுபவை. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்டவே இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். போதை போல் ஆளைப் பிடித்துக்கொள்ளாது. நாமோ ‘பழகிவிடும்’ என்று பயந்து இதைப் பாதியில் நிறுத்துகிறோம். பழகிவிடக்கூடிய பதற்ற மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறோம்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். இரவு 11 மணிக்குப் போட்ட மாத்திரையின் மந்தம் அப்போது முழுதாகத் தெளிந்திருக்காது. கையில் கத்தி, காலடியில் சரிவு. டயசெபமோ உடம்பில் நாட்கணக்கில் தங்கும். வேலை நேரத்தை மருத்துவரிடம் நாமாகவே சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்கு நடுவே அவர் கேட்க மறந்தாலும் மறப்பார். வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்து: இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவது.

மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இதில் ‘கொஞ்சம்தானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மருந்துக்கடையில் சீட்டு கேட்டால் கோபப்படுகிறோம். இந்தப் பதற்ற, தூக்க மாத்திரைகளில் பல, 2013-இல் அறிவிக்கப்பட்ட ‘ஹெச் 1’ அட்டவணையில், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர், நோயாளி பெயர்களையும் எத்தனை மாத்திரை என்பதையும் பதிவேட்டில் எழுதி, கடைக்காரர் அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருக்கும். நாம் பெயர் அச்சிட்ட பக்கத்தையே முதலில் பிய்த்துவிடுவதால், மிச்சம் கிடப்பது 0.25 மில்லிகிராமா 0.5 மில்லிகிராமா என்பதுகூடத் தெரியாமல் போகிறது. அந்த மிச்சத்தைத்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்கிறோம்!

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவது. நடுக்கம், வியர்வை, முன்பைவிட மோசமான தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. நடுக்கடலில் மாத்திரை தீர்ந்தால் வாங்க இடமேது? படகு ஏறும் முன் கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். நிறுத்த விரும்பினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ சொன்னால், அளவை வாரங்கள், தேவைப்பட்டால் மாதங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள்.