மாம்பூவில் மருந்தடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதத்தில், காலை எட்டு மணி வாக்கில், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றுக்குள் போய் நின்றால் ஒரு ரீங்காரம் கேட்கும். தேனீ என்று நினைப்போம். கொத்தருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் ஈக்கள்தான் இருக்கும். மாவில் மகரந்தம் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு ஈக்களுடையது. கொசுத்தேனீயும் அடுக்குத் தேனீயும் கூட வரும். தைவானில் மா விவசாயிகள் மீன் கழிவு வைத்து ஈக்களை வரவழைக்கிறார்கள். நம் தோப்புகளிலோ அவை வந்து இறங்கும் அதே நேரத்தில் பவர் ஸ்பிரேயர் ஓடுகிறது.

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். பூ முழுக்க விரிந்து, கொத்தில் மாவு தூவினாற்போல் வெள்ளை தெரிந்த பிறகுதான் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். அந்த வெள்ளைதான் சாம்பல் நோய், ஒரு பூசண நோய். கண்ணுக்குத் தெரியும்போதே அந்தப் பூக்கள் போய்விட்டன, இனி அடிக்கும் மருந்து அவற்றை மீட்காது. ஒரு கொத்தில் ஆயிரம் பூவுக்கு மேல் இருந்தாலும் பெரும்பகுதி ஆண் பூக்கள். காய் பிடிப்பது இருபால் பூவில் மட்டும்தான். அதிலும் அறுவடை வரை நிற்பது ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டுக்கும் ஈ வந்தாக வேண்டும்.

ஆகவே, கொத்து நீண்டு மொட்டு இன்னும் விரியாத நிலையில் முதல் மருந்தை முடித்துவிடுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம் போதும். அடுத்தது பிஞ்சு மிளகு அளவுக்கு வந்தபின். நடுவில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. இரவில் குளிரும் காலையில் பனியுமாக இருந்து நோய் பரவியே தீரும் என்று தெரிந்தால் மட்டும், மாலை நான்கு மணிக்கு மேல், ஈக்கள் அடங்கிய பிறகு, கந்தகத்தை மட்டும் புகைபோல மெல்லிய தெளிப்பாக அடியுங்கள். இருட்டுவதற்குள் கொத்து காய்ந்துவிட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் அடித்தால் பூவே கருகும்.

அப்புறம், "ஒரே டேங்கில் எல்லாம்" என்கிற பழக்கம். ஆள் கூலி ஏறிப்போன நாளில் அதன் காரணம் எனக்கும் புரிகிறது. ஆனால் பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கான மருந்தையும் பூசண மருந்தையும் கலந்து பூவில் அடிப்பதுதான் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளுக்கு மிக மோசமான அடி. புரோப்பிகோனசோல் போன்ற பூசண மருந்துகள் தேனீயின் உடலில் விஷத்தை முறிக்கும் சக்தியைத் தடுத்துவிடும். அதோடு லாம்டா சைகலோத்ரின் என்ற பூச்சி மருந்து சேர்ந்தால், தனியாக இருந்தால் தேனீ தாங்கக்கூடிய அளவே அதைக் கொன்றுவிடும். தத்துப்பூச்சிக்கு அடிக்க வேண்டியதைப் பூ விரியும் முன்பே அடித்துவிடுங்கள்.

நோயை மாற்றிப் புரிந்துகொள்வதும் நிறைய நடக்கிறது. வெள்ளைத் தூள் சாம்பல் நோய். பூவும் காம்பும் கரும்புள்ளி விட்டு வாடினால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற வேறொரு பூசண நோய். அதற்குக் கந்தகம் பயன்படாது. இலை முழுக்கக் கரி பூசியதுபோல் இருந்து, விரலால் தேய்த்தால் வந்துவிட்டால் அது கரும்பூசணம், தத்துப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவில் வளர்வது. அதற்குப் பூசண மருந்து வாங்குவது வீண் செலவு. ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, இருபது லிட்டராக்கி, வெயில் நாளில் இலையில் அடியுங்கள். காய்ந்ததும் கரி, அப்பளத் துண்டுபோல் உரிந்து விழும்.

கார்பென்டசிம் என்ற பூசண மருந்து ஒன்றையே வருடம் முழுக்க அடிப்பவர்களும் உண்டு. பூசணம் அதற்குப் பழகிவிடும்; மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும்.

ஆனால் பூவில் மருந்தைக் குறைக்க உண்மையான வழி அறுவடை முடிந்த மாதங்களில் இருக்கிறது. அப்போதுதான் யாரும் தோப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆந்த்ராக்னோஸ் பூசணம் காய்ந்த குச்சியிலும் போன வருடக் கொத்திலும் உட்கார்ந்திருக்கும். ஆடி, ஆவணியில் காவாத்து செய்து (கிளை கழித்து), பட்ட கிளையை வெளியே எடுத்து எரித்து, மரத்தின் நடுவில் வெயில் இறங்க வழி விடுங்கள். பிறகு பூசணத்துக்கு ஒரு சத போர்டோ கலவை அடியுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பிளாஸ்டிக் டிரம்மில் கரையுங்கள், இரும்பு வேண்டாம். தீட்டிய அரிவாள் முனையை அதில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். இதைப் பூவில் மட்டும் அடித்துவிடாதீர்கள், கருகிவிடும்.

பக்கத்துத் தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருந்தால் மருந்தடிக்கும் முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். தேனீ கூடடைந்த பிறகு பெட்டியை மூடவோ தள்ளி வைக்கவோ அவருக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும்.