மருத்துவ மாணவர்களுக்கு அறவியலை வாதத்தின் வழியே கற்பித்தல்

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் 2019-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அறவியலும் நோயாளியுடன் உரையாடும் திறனும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்டன. ஆயினும் பல வகுப்புகளில் அது தன்னாட்சி (தம் சிகிச்சை குறித்து நோயாளியே முடிவெடுக்கும் உரிமை), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்னும் நான்கு சொற்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதோடு நின்றுவிடுகிறது. இந்த நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் மருத்துவருக்கு அறவியல் தேவைப்படுகிறது. அந்த மோதலை மாணவர் தம் வாயாலேயே பேசி உணர, வகுப்பறை வாதத்தைவிடப் பொருத்தமான வழியை நான் கண்டதில்லை.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "கருணைக்கொலை சரியா, தவறா?" என்பது போன்ற அகன்ற தலைப்பு மேடைப் பேச்சைத்தான் தரும். ஒரு நோயாளி, ஒரு நேரம், ஒரு முடிவு என்று குறுக்கிக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்துவது உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. நீடித்த மாதவிடாய் இரத்தப்போக்குக்காக வந்த 44 வயதுப் பெண், லேப்ராஸ்கோப்பிக்கும் (சிறு துளை வழியே கருவி செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது), தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் ஒப்புதல் தந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருப்பது தெரியவந்தது. மருத்துவர் வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று, கர்ப்பப்பையையும் இரு சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். இந்த நிகழ்வை ஒரே பக்கத்தில், பெயர்களை நீக்கி, தீர்ப்பையும் மறைத்து, ஒரு வாரம் முன்னதாகவே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நூற்றைம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே வாதம் நடத்த முயலாதீர்கள். பதினைந்து முதல் இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மூவர் மருத்துவர் செய்தது சரி என்றும், மூவர் தவறு என்றும் வாதிடட்டும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் தாம் முன்பே நம்புவதைப் பேசும் மாணவர் புதிதாக எதையும் கற்பதில்லை. தம் வீட்டில் இத்தகைய துயரைக் கண்ட மாணவர் இருக்கக்கூடும். அவர் காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். வாதிடாதவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணாகவும் ஒருவர் தாயாகவும் அமர்ந்து இரு தரப்பையும் கேள்வி கேட்கட்டும். தொடங்கும் முன் எல்லோரும் தம் முடிவையும் அதற்கான காரணத்தையும் ஒரு துண்டுத்தாளில் பெயரின்றி எழுதித் தர வேண்டும்.

பேசுவோருக்குத் தலா நான்கு நிமிடம், மறுப்புக்கு மூன்று நிமிடம் போதும். அதன்பின் ஐந்து நிமிட இடைவெளி தந்து, இரு தரப்பும் பக்கம் மாறி வாதிடச் சொல்லுங்கள். இந்தப் படியை நேரமில்லை என்று விட்டுவிட வேண்டாம். "இன்னொரு முறை மயக்கமும் கத்தியும் வேண்டாம் என்றுதானே மருத்துவர் நினைத்தார்?" என்று சற்று முன் கேட்ட மாணவி, "என் உடலிலிருந்து எதை எடுப்பது என்று என்னைக் கேட்காமல் யாரைக் கேட்டீர்கள்?" என்று அதே வாயால் கேட்க நேரும்போது வகுப்பில் விழும் அமைதி, எந்த விரிவுரையாலும் வராது.

நம் மாணவர்கள் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். கைதட்டல் வாங்கும் பேச்சு அவர்களுக்கு எளிதில் வரும். ஆகவே பேச்சு வன்மைக்கு மதிப்பெண் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உண்மைகளைத் திரிக்காமல் எடுத்துரைத்தாரா, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேர்மையாகச் சந்தித்தாரா, நோயாளியின் பிற்கால வாழ்வை எண்ணிப் பார்த்தாரா என்ற மூன்றை மட்டும் மதிப்பிடுங்கள். வாதத்தின் ஒரு பகுதியாவது தமிழில் நடக்கட்டும். சினைப்பைகளை எடுத்தபின் உடலில் என்ன மாறும் என்பதை ஆங்கிலச் சொற்களின் துணையின்றி விளக்கத் திணறும் மாணவர், அந்தப் பெண்ணிடம் முறையான ஒப்புதல் பெற இன்னும் தயாராகவில்லை என்பதை அங்கேயே உணர்ந்துவிடுவார்.

வெற்றி தோல்வி அறிவிக்காமல், இறுதியில் தீர்ப்பைப் படித்துக் காட்டுங்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனடித் தேவை இருந்தாலன்றி அதை மீற முடியாது, தன்னறிவுள்ள வயதுவந்தவர் தற்காலிக மயக்கத்தில் இருக்கும்போது தாயின் சம்மதம் அவருடைய சம்மதமாகாது என்றது நீதிமன்றம். மருத்துவர் நல்லெண்ணத்துடன்தான் நடந்துகொண்டார் என்று ஏற்றபோதிலும், அறுவைக்கான கட்டணக் கோரிக்கையைத் தள்ளி 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. நல்லெண்ணம் இருந்தும் தவறாக முடியக்கூடும் என்னும் இந்த இடத்தில் சற்று நின்று பேசுங்கள்; மாணவர்களை அதிகம் கலங்கச் செய்வதும் இதுதான். பிறகு மீண்டும் துண்டுத்தாளில் எழுதச் சொல்லி, முடிவை மாற்றியவர்களைவிட, முடிவை மாற்றாமல் காரணத்தை மாற்றியவர்களின் தாள்களைக் கூர்ந்து படியுங்கள்.

ஒரு நோயாளிக் கூட்டம் சிகிச்சை பெறத் தகுதியுள்ளதா என்பது போல மனித மதிப்பையே கேள்விக்குள்ளாக்கும் தலைப்புகளை ஒருபோதும் வாதத்துக்கு வைக்காதீர்கள்.

அடுத்த வார்டுப் பயிற்சியின்போது, மருத்துவமனையில் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றை மாணவர்கள் வாங்கி வரட்டும். அதில் நோயாளியின் கையெழுத்துக்கு இடம் எங்கே இருக்கிறது, உறவினருடையதற்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதே படிவத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு நோயாளிக்கும் புரியும் தமிழில் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.