மலையக வாவிக்கரைகளுக்கு ஒருநாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கண்டி வாவி, மத்தியானம் நுவரெலியாவில் கிரகரி வாவி, பொழுதுபடுவதற்குள் மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேன் பிடித்து வருபவர்கள் பலர் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் இறம்பொடை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூன்று மணித்தியாலம் போய்விடும். மலையில் தூரத்தை நேரத்தால்தான் அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வாவி போதும்.

இந்த வாவிகள் தாமாக உண்டான இயற்கை ஏரிகள் என்று நினைப்பது அடுத்த தவறு. மேலே சொன்ன மூன்றிலும் மனிதர் கட்டிய அணைதான் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது. அதை மறந்தால் அங்கே பார்ப்பதற்குத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கண்டி வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைக்கு முன்னாலிருந்த வயலை மறித்து 1807இல் அதைக் கட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசர். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது பாதி சொந்தக் கதை. ஆனாலும் பலர் கரையில் ஒரு செல்பி எடுத்துவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு எதிரிலேயே நாத தேவாலயம், பத்தினி தேவாலயம் என்ற இரண்டு தெய்வக் கோயில்கள் இருக்கின்றன. முன்னது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்னதில் இருப்பவள் நம் கண்ணகி.

மாளிகைக்குள் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பு வெளியே. கோயிலுக்குப் போய்ப் பழகிய நமக்கு இதில் சிரமமில்லை. நாம் தவறுவது வேறிடத்தில்: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. போயா என்னும் பௌர்ணமி நாளிலும் பெரஹரா ஊர்வலக் காலத்திலும் கூட்டம் அலைமோதும். வழிபாட்டுக்கு வருவதானால் அது நல்ல நாள், ஊர் பார்க்க வருவதானால் வேறு நாள் பாருங்கள்.

கிரகரி வாவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைத்தது. ஏப்ரல் சீசனில் போகாதீர்கள். அறை வாடகையும் வாகன நெரிசலும் சேர்ந்து ஆளைக் கொன்றுவிடும்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய தண்ணீர் மவுசாகலை. மஸ்கெலியாவின் பழைய நகரம் 1960களின் கடைசியில் இந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. இன்றைய நகரம் அதற்குப் பிறகு மேட்டில் எழுந்தது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த நிலையில் தலைகாட்டும். இதைக் கேள்விப்பட்டு ஜூன், ஜூலையில் வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் பக்கம் இது. மார்ச், ஏப்ரலில் வந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை. நீர் வற்றிய தரை மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் அடியில் சேறுதான். பாழடைந்த சுவரைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் இறங்கினால் முழங்கால்வரை புதையும். ஊர்க்காரர் நடக்கும் தடத்திலேயே நடங்கள். குளிக்க இறங்கவே வேண்டாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவதும் அப்படித்தான். மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால், கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

வாவியைச் சுற்றியுள்ள ஊர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே செய்யும் தவறு எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைப்பது. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணை நிறுத்தி, கூடையை வாங்கித் தன் தலையில் மாட்டிப் படம் எடுக்கிறார்கள். நிறுவையில் கிலோ குறைந்தால் அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். பேச வேண்டுமானால் மத்தியான நிறுவைக்குப் பிறகு, “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு; அதன் வாசல் ஒருவரின் வீட்டு முற்றம், அனுமதியில்லாமல் நுழையும் இடமில்லை.

மழைக்காலத்தில் கிளம்புமுன் வானிலையை மட்டும் பார்ப்பது போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், அம்பர், சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள் என்று பொருள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்பது தெரிந்ததே. அம்பர் நிறம் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அறைக்குக் கட்டிய முற்பணம் போனாலும் பரவாயில்லை.